கிலோவை விழுங்கிய கலோரி

சென்ற ஜனவரியில் மெல்போர்னிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த அக்கா, அப்பாவுக்கென்று ஓட்ஸ் டப்பா ஒன்றை வாங்கிவந்திருந்தாள். அப்பாவுக்குச் சர்க்கரை நோய் வந்து பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் முப்பத்தைந்து ஆண்டுகள் கோப்புகளைக் கட்டி மேய்த்தவர் என்பதால், ஓய்வு பெற்றுத் தில்லி மயூர் விஹாரில் எங்களோடு வந்து தங்கிய பிறகும் கோடு போட்ட நோட்டுப் புத்தகம் இல்லாமல் அவருக்கு ஒரு நாளும் கழியாது. இப்போது அந்த நோட்டில் ஏறுவது இட்லியும் ரசம் சாதமும் சப்பாத்தியும், அவற்றுக்கு எதிரே அவற்றின் கலோரியும். ஒரு நாளைக்கு 1600 என்று ஊட்டச்சத்து ஆலோசகர் எழுதிக் கொடுத்திருக்கிறார். அதைத் தாண்டிய நாள்களில் சிவப்பு மையால் அடிக்கோடு விழும்.

அக்கா கொடுத்த டப்பாவைக் கண்ணாடி போட்டுக்கொண்டு திருப்பிப் பார்த்தவர், அதை அப்படியே மேசையில் வைத்துவிட்டார். நூறு கிராமுக்கு ஆற்றல் 1570 என்று போட்டிருந்தது. "நாள் முழுக்கச் சாப்பிட வேண்டியதை ஒரே கிண்ணத்தில் அடைத்து விற்கிறார்களா?" என்று அவர் கேட்டபோது அக்காவின் முகம் வாடிப்போயிற்று. எண்ணுக்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருந்த அலகை இருவருமே கவனிக்கவில்லை. அது கலோரி அன்று; ஆற்றலை அளக்கும் வேறோர் அலகான கிலோஜூல். ஆஸ்திரேலியாவில் உணவுப் பொட்டலங்களின் மேல் ஆற்றலைக் கிலோஜூலில் அச்சிடுவதுதான் கட்டாயம். நம் நாட்டிலோ உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதிப்படி பொட்டலத்தில் கிலோ கலோரி இருக்க வேண்டும். அப்பாவின் கண் பழகியது இரண்டாவது வகை எண்ணுக்கு.

1570 கிலோஜூலை 4.184 ஆல் வகுத்தால் 375 கிலோ கலோரி. அப்பா காலையில் போட்டுக் கஞ்சி வைக்கும் முப்பது கிராம் ஓட்ஸுக்கு அது 113தான் வரும். கணக்கு அரை நிமிடத்தில் முடிந்துவிட்டது. ஆனால் அதைச் சொல்லிக் கொடுக்கும்போது அவருடைய ஆலோசனைத் தாளை எடுத்துப் பார்த்த எனக்கு வேறொன்று உறுத்தியது. அதில் "1600 கலோரி" என்றே எழுதியிருந்தது. கிலோ என்ற சொல் தாளில் எங்குமே இல்லை.

சொல்லுக்குச் சொல் எடுத்துக்கொண்டால் 1600 கலோரி என்பது ஒன்றரை லிட்டருக்குச் சற்று அதிகமான தண்ணீரை ஒரே ஒரு டிகிரி சூடாக்கப் போதுமான வெப்பம். அரிசியில் சொன்னால் அரை கிராமுக்கும் குறைவு, ஏறத்தாழ இருபது இருபத்தைந்து மணிகள். அதைச் சாப்பிட்டு எவரும் ஒரு நாள் தாக்குப்பிடிக்க முடியாது. ஆலோசகர் சொல்ல வந்தது 1600 கிலோ கலோரி என்பது அவருக்கும் தெரியும், அப்பாவுக்கும் ஒரு வகையில் தெரியும். பேச்சு வழக்கில் கிலோவை விழுங்கிவிடுவது உலகம் முழுவதும் உள்ள பழக்கம்தான். எனினும் பள்ளியில் படிக்கும் என் மகள் இயற்பியல் புத்தகத்தில் ஒரு கிராம் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்குவது ஒரு கலோரி என்று படித்துவிட்டு, தாத்தாவின் நோட்டில் ஓர் இட்லிக்கு அறுபது கலோரி என்று பார்க்கும்போது, இரண்டும் ஒரே கலோரி என்றுதானே நினைப்பாள்? இரண்டுக்கும் இடையே ஆயிரம் மடங்கு இருக்கிறது.

இந்தக் குழப்பத்துக்கு வயது இருநூறு. பாரிஸில் நிக்கோலா கிளேமான் என்ற வேதியியலாளர் 1820களில் நீராவி எந்திரங்களைப் பற்றிப் பாடம் நடத்தும்போது கலோரி என்ற அலகைப் பயன்படுத்தினார். அவருடைய கலோரி ஒரு கிலோகிராம் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்கும் வெப்பம். அதாவது முதலில் பிறந்தது பெரிய கலோரிதான். கிராமைக் கொண்டு அளக்கும் சிறிய கலோரி 1852ஆம் ஆண்டு வாக்கில் ஃபாவ்ர், சில்பர்மான் என்ற இருவரின் ஆய்வுகளோடு பின்னால் வந்து சேர்ந்தது. இரண்டும் ஒரே பெயரில் உலாவியதால், 1879இல் பிரெஞ்சு வேதியியலாளர் பெர்த்தலோ பெரியதைப் பெரிய எழுத்திலும் சிறியதைச் சிறிய எழுத்திலும் தொடங்கி எழுதலாம் என்று வழி சொன்னார். ஆங்கிலத்தில் இந்த வழக்கம் இன்றும் ஏட்டளவில் உள்ளது. தமிழில் பெரிய எழுத்தும் இல்லை, சிறிய எழுத்தும் இல்லை. நம் ககரம் எல்லா இடத்திலும் ஒரே உயரம்தான். ஆகவே தமிழில் எழுதுகிறவர்கள் கிலோவை விட்டுவிட்டால் வாசகர் பிடித்துக்கொள்ள வேறு கொழுகொம்பே கிடையாது. இதழ்களில் "நடைப்பயிற்சியில் 200 கலோரி செலவாகும்" என்று படிக்கும்போதெல்லாம் பேனாவை எடுத்துக் கிலோவைச் செருகிவிடுவது எனக்கு வழக்கமாகிவிட்டது. அம்மா இதைக் கிறுக்கு என்கிறாள்.

ஜூல் வந்த கதை வேறு. மான்செஸ்டரை அடுத்த சால்ஃபோர்டில் பீர் வடிக்கும் ஆலை வைத்திருந்த குடும்பத்தில் பிறந்த ஜேம்ஸ் பிரெஸ்காட் ஜூல், எடைக்கல் கீழே இறங்கும்போது அதன் கயிறு நீருக்குள் இருக்கும் துடுப்புச் சக்கரத்தைச் சுழற்றும்படி ஓர் அமைப்பைச் செய்து, நீர் எவ்வளவு சூடாகிறது என்று அளந்தார். ஒரு பவுண்டு நீரை ஒரு ஃபாரன்ஹீட் டிகிரி சூடாக்க 772 பவுண்டு எடை ஓர் அடி இறங்க வேண்டும் என்பது 1850இல் அவர் வெளியிட்ட முடிவு. இன்றைய மதிப்பு 778. வெப்பமானியில் மிக நுட்பமான ஏற்றத்தைப் படித்தறியும் கண் அவருக்கு இருந்தது. பீர் வடிப்பவருக்கு வெப்பமானியோடு இருக்கும் உறவு அப்படிப்பட்டது போலும். உழைப்பும் வெப்பமும் ஒன்றே என்று நிலைநாட்டியவரின் பெயரால் அமைந்த அலகையே வெப்பத்துக்கும் பயன்படுத்த வேண்டும் என்று எடைகள், அளவைகளுக்கான பொதுமாநாடு 1948இல் முடிவு செய்தது. அதன்பின் கலோரிக்கு வரையறை ஜூலின் வழியாகத்தான்: வேதியியலாளர்களின் கலோரி சரியாக 4.184 ஜூல், நீராவி அட்டவணைகளுக்காக ஏற்பட்ட கலோரி சரியாக 4.1868 ஜூல். இரண்டுக்கும் வேறுபாடு ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. சாப்பாட்டுக் கணக்கில் இதைப் பற்றிக் கவலைப்படுவது, மூட்டை அரிசியை நகைக்கடைத் தராசில் நிறுப்பதற்குச் சமம். இணையத்தில் அலகு மாற்றித் தரும் பக்கங்கள் ஆறு தசம இடம் வரை எண்களை அள்ளி வீசுவதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது.

மனக்கணக்குக்கு நான் அப்பாவுக்குச் சொல்லிக் கொடுத்தது இவ்வளவே: கிலோஜூலை 0.24 ஆல் பெருக்கினால் கிலோ கலோரி. கிலோ கலோரியை 4.2 ஆல் பெருக்கினால் கிலோஜூல். 0.24 ஆல் பெருக்குவது கடினமாக இருந்தால் நாலில் ஒரு பங்கை எடுத்து, அதிலிருந்து நூற்றுக்கு நான்கைக் கழித்துவிடலாம். 1570இல் நாலில் ஒரு பங்கு 392. அதில் 16 போனால் 376. உண்மையான விடைக்கும் இதற்கும் உள்ள தூரம் ஒரு கிலோ கலோரிகூட இல்லை.

அக்கா கொண்டுவந்தவற்றில் ஐரோப்பிய பிஸ்கட் ஒன்றும் இருந்தது. அதில் இரண்டு அலகுகளும் அச்சிட்டிருந்ததால் அப்பா உற்சாகமாகப் பேனாவைத் திறந்து சரிபார்க்க உட்கார்ந்தார், கணக்கு ஒத்துவரவில்லை. 4.184 வர வேண்டிய இடத்தில் 4.2ஐத் தாண்டி ஏதோ வந்தது. அச்சுப்பிழை என்று முடிவு கட்டிவிட்டார். அது பிழை அன்று. பொட்டலத்து எண்ணை எவரும் பிஸ்கட்டை எரித்து அளப்பதில்லை. மாவுச்சத்துக்கும் புரதத்துக்கும் கிராமுக்கு நான்கு கிலோ கலோரி, கொழுப்புக்கு ஒன்பது என்று கூட்டிப் போடுகிறார்கள். கிலோஜூலுக்கு வரும்போது அந்த நான்கையும் ஒன்பதையும் 17 என்றும் 37 என்றும் முழு எண்ணாக்கித் தனியே கூட்டுகிறார்கள். நான்கை 4.184 ஆல் பெருக்கினால் 16.7, அது 17 ஆகும்போது சற்று உயர்கிறது. ஒன்பதைப் பெருக்கினால் 37.7, அது 37 ஆகும்போது சற்றுத் தாழ்கிறது. ஆகவே மாவு மிகுந்த பண்டத்தில் விகிதம் 4.2க்கு மேலும், நெய்யில் 4.1க்கு அருகிலும் நிற்கும். உதாரணமாக நூறு கிராமில் மாவுச்சத்து 67, புரதம் 8, கொழுப்பு 16 கிராம் என்றால் ஒரு வழியில் 444 கிலோ கலோரி, மறு வழியில் 1867 கிலோஜூல், வகுத்தால் 4.205. கோப்பில் இரண்டு இடத்தில் இரண்டு கூட்டல் இருந்தால் ஏற்காத மனிதரை இதற்கு உடன்பட வைக்க ஒரு மாலைப்பொழுதே செலவாயிற்று.

அந்த நான்கும் ஒன்பதும் வில்பர் அட்வாட்டர் என்ற அமெரிக்கர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில் கண்டவை. அப்பா இங்கே நல்ல கேள்வி ஒன்றைக் கேட்டார்: "அடுப்பில் எரிவதும் வயிற்றுத் தீயில் எரிவதும் ஒரே அளவா?" இல்லை. புரதத்தைக் கலத்தில் அடைத்து ஆக்சிஜனில் எரித்தால் கிராமுக்கு 5.65 கிலோ கலோரி வருகிறது. உடலால் அதை முற்றிலும் எரிக்க முடியாது. நைட்ரஜன் பகுதி யூரியாவாகச் சிறுநீரில் போய்விடுகிறது, கொஞ்சம் செரிக்காமலும் வெளியேறுகிறது. அந்தச் சேதாரங்களைக் கழித்த பிறகு கையில் நிற்பதுதான் நான்கு. அடுப்புக்கும் இப்படி ஒரு சேதாரம் உண்டு. சமையல் வாயு எரியும்போது உண்டாகும் நீராவி, குளிர்ந்து நீராகித் தன் உள்ளுறை வெப்பத்தைத் திருப்பித் தந்தால் கிடைக்கும் மொத்த எண் ஒன்று. நீராவியாகவே சன்னல் வழியாகப் போய்விட்டால் கிடைக்கும் நிகர எண் ஒன்று. வாயுத் துறையில் இருப்பவர்கள் இவற்றை எப்போதும் பிரித்தே சொல்வார்கள். அட்வாட்டரின் எண்கள் ஒருவகையில் உடம்பின் நிகர எண்கள்.

வாயு என்றதும் இன்னோர் அலகு குறுக்கே வருகிறது. தில்லி வீடுகளுக்குக் குழாயில் வரும் வாயுவுக்குக் கனமீட்டரில் பில் வருகிறது. செய்தித்தாளிலோ அதன் விலை "எம்எம்பிடியு"வுக்கு இத்தனை டாலர் என்று வருகிறது. பிடியு என்பது பிரிட்டிஷ் வெப்ப அலகு. அது ஜூல் தேடிய அதே ஒரு பவுண்டு நீர், அதே ஒரு ஃபாரன்ஹீட் டிகிரி. ஒரு பிடியு 252 சிறிய கலோரி, அல்லது 1055 ஜூல். முன்னால் உள்ள இரண்டு எம்களும் ரோமானிய எண்முறையின் ஆயிரங்கள். ஆயிரத்தை ஆயிரத்தால் பெருக்கிப் பத்து லட்சம். ஒரு கனமீட்டருக்கு மொத்த எண் பத்தாயிரம் கிலோ கலோரி என்று வைத்துக்கொண்டால், ஒரு எம்எம்பிடியு என்பது ஏறக்குறைய 25 கனமீட்டர் வாயு. எங்கள் குளிர்சாதனத் தொழிலில் "எம்பிஎச்" என்று ஓர் அலகு புழங்குகிறது, மணிக்கு ஆயிரம் பிடியு என்று பொருள். அதில் உள்ள ஒற்றை எம் ஆயிரம்தான். புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒருவர் அதை மெகா, அதாவது பத்து லட்சம், என்று படித்துவிட்டு ஆயிரம் மடங்கு பெரிய கொதிகலனைத் தேடிக்கொண்டிருந்ததை நான் பார்த்திருக்கிறேன். அவரைச் சொல்வானேன், முதல் ஆண்டில் நானும் அப்படித்தான் படித்தேன்.

என் தொழில் கட்டடங்களுக்குக் குளிர்சாதன வசதியை வடிவமைப்பது. தில்லியில் மே மாதம் அதற்குக் குறைவில்லாமல் வேலை தரும். கடைக்காரர் "ஒன்றரை டன் ஏசி" என்னும்போது அது எந்திரத்தின் எடை என்று நினைப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அப்பாவும் அப்படித்தான் நினைத்திருந்தார். அது பனிக்கட்டியின் எடை. பனிக்கட்டியை வைத்துக் குளிரூட்டிய காலத்தில், ஓர் அமெரிக்க டன், அதாவது இரண்டாயிரம் பவுண்டு பனிக்கட்டி ஒரு நாள் முழுக்க உருகினால் எவ்வளவு வெப்பத்தை உறிஞ்சுமோ அதுவே ஒரு டன். பவுண்டுக்கு 144 பிடியு. இரண்டாயிரத்தால் பெருக்கி இருபத்துநான்கால் வகுத்தால் மணிக்கு 12,000 பிடியு. அதையே மணிக்கு 3024 கிலோ கலோரி என்றும், 3.517 கிலோவாட் என்றும் சொல்லலாம். எங்கள் வரைபடங்களில் மூன்றும் கலந்தே வரும். வயதில் மூத்த பொறியாளர்கள் கிலோ கலோரியிலும், அமெரிக்க நிறுவனங்களின் பட்டியல்கள் பிடியுவிலும், இப்போது படித்து வருகிறவர்கள் கிலோவாட்டிலும் பேசுவார்கள். பிடியுவும் கிலோஜூலும் ஏறத்தாழ ஒன்றே என்பதும், ஒரு கிலோ கலோரிக்கு நான்கு பிடியு என்பதும் கூட்டத்தில் உட்கார்ந்தபடியே சரிபார்க்கப் போதும்.

இதில்தான் அப்பாவின் நோட்டும் என் வேலையும் சந்தித்த இடம் இருக்கிறது. அரங்கு ஒன்றுக்குக் குளிரூட்டும் சுமையைக் கணக்கிடும்போது சுவர், கூரை, விளக்கு ஆகியவற்றோடு உள்ளே இருக்கும் மனிதர்களையும் சேர்க்க வேண்டும். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கு மணிக்கு 350 பிடியு என்பது நான் பல ஆண்டுகளாக யோசிக்காமல் போட்டுவரும் எண். அன்று இரவு அப்பாவின் நோட்டை மூடிவிட்டுப் படுத்தபோது, அந்த 350ஐக் கிலோ கலோரியாக்கினால் என்ன என்று தோன்றியது. மணிக்கு 88, இருபத்துநான்கு மணிக்கு 2117. ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் உட்கார்ந்தே வேலை செய்யும் 65 கிலோ எடையுள்ள ஆணுக்கு ஒரு நாளைக்குப் பரிந்துரைப்பது 2110 கிலோ கலோரி. தூங்கும்போது குறைந்தும் நடக்கும்போது கூடியும் வருவதால் இவ்வளவு நெருக்கமாகப் பொருந்துவதில் ஓரளவு தற்செயல் உண்டு. ஆனால் அடிப்படை தற்செயல் அன்று. உண்டது உடம்பில் கொழுப்பாகத் தங்காவிட்டால், அத்தனையும் கடைசியில் வெப்பமாகி அறைக்குள்தான் வரும். அதை வெளியே தள்ளத்தான் ஏசி ஓடுகிறது. மதியச் சாப்பாட்டில் நீங்கள் போட்டுக்கொண்ட ஒரு கரண்டி சாதத்தை மாலைக்குள் எங்கள் எந்திரம் பால்கனிக்கு வெளியே வாரிக் கொட்டுகிறது என்று அப்பாவிடம் சொன்னேன். அவர் தட்டையும் ஏசியையும் மாறிமாறிப் பார்த்தார்.

அந்த 2110ஐ மின்சாரத்தில் சொன்னால் இன்னும் வியப்பாக இருக்கும். ஒரு யூனிட் 860 கிலோ கலோரி. ஆகவே முழு நாள் சாப்பாடு இரண்டரை யூனிட்டுக்கும் சற்றுக் குறைவு. சராசரியாக நூறு வாட், பழைய குண்டு பல்பு ஒன்று இரவும் பகலும் எரிவதற்குச் சமம். ஜனவரியில் 14 டிகிரியில் வரும் தண்ணீரைப் பதினைந்து லிட்டர் கீசரில் 54 டிகிரிக்குச் சூடாக்க 600 கிலோ கலோரி, அதாவது 0.7 யூனிட் போகிறது. இந்தக் கணக்குக்கு மட்டும் கிலோ கலோரியை விடச் சுகமான அலகு கிடையாது, ஏனெனில் லிட்டரையும் டிகிரியையும் பெருக்கினாலே விடை வந்துவிடுகிறது. ஜூல் வந்தால் நடுவில் 4.2 வந்து உட்கார்ந்துவிடும். முற்றத்துக் கூலருக்கும் இதே வழிதான். ஒரு லிட்டர் தண்ணீர் சாதாரண வெப்பநிலையில் ஆவியாகும்போது சுமார் 580 கிலோ கலோரியைக் கொண்டுபோகிறது. மணிக்கு ஐந்து லிட்டர் குடிக்கும் கூலர் ஏறத்தாழ ஒரு டன் வேலையைச் செய்கிறது. வறண்ட ஜூனில் அது செய்யும். காற்றிலேயே ஈரம் நிறைந்துவிடும் ஆகஸ்டில் தண்ணீர் ஆவியாக மறுத்துவிடுவதால் வெறும் விசிறிதான்.

என்னையே ஏமாற்றிய ஓர் இடத்தையும் சொல்லிவிட வேண்டும். எங்கள் குடியிருப்பின் உடற்பயிற்சி அறையில் மிதிவண்டி எந்திரம் ஒன்று இருக்கிறது. நூறு வாட் காட்டும் வேகத்தில் அரை மணி நேரம் மிதித்தால் செய்த வேலை 180 கிலோஜூல், அதாவது 43 கிலோ கலோரி. திரையிலோ 180 கிலோ கலோரி செலவானதாகக் காட்டியது. கிலோஜூலைக் கிலோ கலோரி என்று தவறாக எழுதிவிட்டார்கள் என்று நினைத்து, பராமரிப்பாளரிடம் புகார்கூடச் சொல்லிவிட்டேன். பிறகுதான் உறைத்தது. தசை செலவழிக்கும் ஆற்றலில் நாலில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவானதே மிதியில் வேலையாக வருகிறது. மீதி வியர்வை வழியாகப் போகிறது. நாலில் ஒரு பங்கும் நான்கு மடங்கும் ஒன்றை ஒன்று அடித்துக்கொள்வதால், மிதித்த கிலோஜூல் எவ்வளவோ அவ்வளவே செலவழிந்த கிலோ கலோரி என்று எண் வந்து நிற்கிறது. அடுத்த நாள் பராமரிப்பாளரைக் கண்டதும் நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நடந்தேன்.

அப்பாவின் நோட்டில் இப்போது ஒரே ஒரு சிக்கல் மீதமிருக்கிறது. அவர் இத்தனை காலம் நம்பிவந்தது 1971இல் ஊட்டச்சத்து அறிஞர் கோபாலனும் அவருடைய சகாக்களும் வெளியிட்ட உணவு அட்டவணையை. சேலத்துக்காரரான கோபாலன் அப்பாவின் மதிப்பில் மிக உயர்ந்த இடத்தில் இருப்பவர். அதில் தீட்டிய பச்சரிசி நூறு கிராமுக்கு 345 கிலோ கலோரி. அதே ஹைதராபாத் நிறுவனம் 2017இல் வெளியிட்ட புதிய அட்டவணை 528 உணவுப் பொருள்களை அளந்து, ஆற்றலைக் கிலோஜூலில் கொடுத்திருக்கிறது. அரிசிக்கு 1491. அப்பா நாலில் ஒரு பங்கு எடுத்து நூற்றுக்கு நான்கைக் கழித்து 358 என்று கண்டுபிடித்தார், நான் 4.184 ஆல் வகுத்து 356 என்றேன். அந்த இரண்டு கிலோ கலோரி வித்தியாசத்தைப் பற்றி அவர் சண்டை போடவில்லை. 345 எப்படி 356 ஆயிற்று என்பதுதான் அவர் கவலை. அளக்கும் முறையும் அரிசி ரகமும் மாறியிருக்கும் என்று நான் சொன்னதை அரைமனதோடு கேட்டுக்கொண்டு, பழைய எண்ணைப் பென்சிலால் அடித்துவிட்டுப் பக்கத்திலேயே புதியதை எழுதினார். இரண்டையும் படிக்கும்படியாகத்தான் அடித்திருக்கிறார். ஓட்ஸுக்கு எதிரே 113 என்று நீல மையில் இருக்கிறது, அதன் பின்னால், இடம் போதாமல் நெருக்கி, "கி.க." என்று சேர்த்திருக்கிறார்.